சார்ஜென்ட் ஏன் படகில் ஏறக்கூடாது: பேரிடர் மீட்பை ஒருங்கிணைக்கும் கன்சர்வேஷன் போலீஸ் மேற்பார்வையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கன்சர்வேஷன் போலீஸ் என்றதும் பலரும் வனத்துறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி சரி. வேட்டை உரிமம், மீன்பிடி உரிமம், படகுப் பாதுகாப்பு எல்லாம் இவர்கள் வேலைதான். ஆனால் கூடவே முழுக் காவல் அதிகாரமும் உண்டு. திருடனையும் பிடிக்கலாம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரையும் பிடிக்கலாம். இல்லினாயிலும் வர்ஜீனியாவிலும் இந்தப் பெயர் வழங்குகிறது. வர்ஜீனியாவில் 2007 வரை கேம் வார்டன் என்றுதான் சொல்வார்கள். மற்ற பல மாநிலங்களில் இன்றும் அதே பெயர்தான்.

வெள்ளம் வந்தால் இவர்களை ஏன் முதலில் தேடுகிறார்கள்? படகு இருக்கிறது, அதை இருட்டில் ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். எந்த மண்பாதை எந்த மலைக்குப் பின்னால் போய் முடிகிறது என்பது இவர்களுக்கு மனப்பாடம். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் கூரைகளிலிருந்து மக்களை இறக்கியவர்களில் லூசியானா வனவிலங்குத் துறை அதிகாரிகள் முன்வரிசையில் நின்றதும் இதனால்தான்.

இந்த வழிகாட்டி, 5 அல்லது 6 அதிகாரிகளுக்கு மேலே இருக்கும் முதல்நிலை மேற்பார்வையாளருக்கானது, பெரும்பாலும் சார்ஜென்ட். உதாரணங்களுக்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அப்பலாச்சியன் மலை என்று இரண்டு விதமான வெள்ளமும் வருகிற மாநிலம் அது. 1969 ஆகஸ்ட் 19 இரவு கமீல் புயலின் மிச்சம் நெல்சன் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மலைகளில் சில மணி நேரத்தில் 27 அங்குலம் மழையைக் கொட்டியது. அந்த ஒரு கவுன்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடற்கரையில் புயல் வருவது 3 நாள் முன்பே தெரியும். மலையில் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும்.

படி 1: வானம் வெளுத்திருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் படிப்பு. பேரிடர் என்றால் எல்லாத் துறையும் ஒரே மொழி பேச வேண்டும் என்பதற்காக அமெரிக்கா முழுக்க சம்பவக் கட்டளை அமைப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். களத்தில் எல்லாரும் ஐ.சி.எஸ். என்பார்கள். 1970-ல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்க வந்த துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பிறந்தது அது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2004 முதல், நாடு முழுக்க எல்லாப் பேரிடருக்கும் இதுவே முறை என்று ஆனது. 100, 200, 700, 800 என்ற எண்ணுள்ள பாடங்களை இணையத்திலேயே முடித்துவிடலாம். மேற்பார்வையாளர் 300-ம் முடிந்தால் 400-ம் வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கொஞ்சம் கொட்டாவி வரும் வகுப்புகள்தான். ஆனால் பக்கத்து மேசையில் உட்காரும் தீயணைப்பு கேப்டனும் கவுன்டி அவசரகால ஒருங்கிணைப்பாளரும்தான் பின்னால் இரவு 2 மணிக்கு உங்களை அழைக்கப்போகிறவர்கள். அந்த அறிமுகத்துக்காகவே போகலாம்.

அப்புறம் படகு இறங்குதுறைகளின் பட்டியல். இது எல்லாரிடமும் இருக்கும். வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் இறங்குதுறைதான் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அதனால் இரண்டாவது பட்டியல் ஒன்று வேண்டும்: தண்ணீர் 10 அடி ஏறினால் டிரெய்லரைப் பின்னால் தள்ளி படகை இறக்கக்கூடிய சரிவான சாலைகள், தேவாலய வாகன நிறுத்துமிடங்கள், வயல் வாசல்கள். வேட்டைக் காலத்தில் ரோந்து போகும்போதே பார்த்துக் குறித்துவிடலாம். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை, முடிந்தால் வாயில் பூட்டின் எண்ணும்.

உடுப்பு விஷயத்தில் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். போலீஸ்காரர் சாதாரணமாக அணியும் துப்பாக்கி பெல்ட், குண்டு துளைக்காத அங்கி, கனமான பூட்ஸ் மூன்றும் ஓடும் தண்ணீரில் ஆளை அமிழ்த்தக்கூடியவை. ஓட்டமுள்ள நீரில் இறங்குபவருக்கு நீர் உள்ளே புகாத உலர் உடை, தலைக்கவசம், இழுத்தால் கழன்றுவிடும் வார் உள்ள மீட்பு லைஃப் ஜாக்கெட், விசில், கத்தி போதும். அப்படியானால் துப்பாக்கி எங்கே? வண்டியில் பூட்டி வைப்பதா, கரையில் நிற்பவர் பொறுப்பா, படகில் நீர் புகாத பெட்டியா? துறையின் விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, அணியில் எல்லாருக்கும் ஒரே பதிலாக வையுங்கள். கொட்டும் மழையில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு இதை விவாதித்தால் 10 நிமிடம் போய்விடும்.

படி 2: முன்னறிவிப்பு வந்ததும்

தேசிய வானிலை சேவை ‘வாட்ச்’ என்றால் வெள்ளம் வரக்கூடும் என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டே இருக்கிறது. வாட்ச் கட்டத்திலேயே நீங்கள் நகரத் தொடங்க வேண்டும். நிலவியல் ஆய்வுத் துறையின் ஆற்று அளவீடுகளை உங்கள் பகுதியில் மட்டும் பார்த்தால் போதாது. மேல்நீரில், அதாவது ஆறு வரும் திசையில், 2, 3 அளவீடுகளைப் பாருங்கள். உங்களிடம் நாளை வரும் தண்ணீர் இன்று அங்கே இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: படகுகளை ஆற்றின் இரு கரைகளிலும் பிரித்து வையுங்கள். எல்லா டிரெய்லரும் அலுவலகக் கொட்டகையில் வரிசையாக நிற்பது பார்க்க அழகாக இருக்கும். பாலம் போய்விட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாதி மாவட்டத்துக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. 2 படகு இந்தப் பக்கம், 2 படகு அந்தப் பக்கம், ஒவ்வொன்றோடும் ஆள், எரிபொருள், ஒரு நாள் சாப்பாடு.

அதோடு ஒவ்வொரு அதிகாரியிடமும் தனியாகக் கேளுங்கள்: ‘உன் வீடு எங்கே இருக்கிறது? வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ மனைவியும் குழந்தையும் தாழ்வான பகுதியில் இருக்கும் அதிகாரி, கண் படகில் இருந்தாலும் மனத்தை வீட்டில்தான் வைத்திருப்பார். அவர்களை மேட்டுக்கு அனுப்ப 3 மணி நேரம் விடுப்புக் கொடுங்கள். முதல் ஷிப்டில் வரப்போகிறவர்களைக் கட்டாயமாகத் தூங்கச் சொல்லுங்கள்.

படி 3: அழைப்பு வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தானாகக் கிளம்பிப் போகாதீர்கள். வர்ஜீனியாவில் கவுன்டியும் தனி நகரங்களும் தங்கள் கையிலுள்ளதை முதலில் பயன்படுத்தும். போதாதபோது மாநில அவசரகால மேலாண்மைத் துறை வழியாகக் கோரிக்கை வரும். அந்தக் கோரிக்கைக்கு ஒரு எண் இருக்கும். அந்த எண் இல்லாமல் போனால் நீங்கள் அங்கே இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. பின்னால் பணமும் வராது. உங்கள் பகுதி அதிகாரி ஒருவர் ஏற்கெனவே களத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். அவரை உடனே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

போய் இறங்கியதும் நேரே தண்ணீருக்குப் போகாமல் வருகைப் பதிவுக்குப் போங்கள். 211 என்ற படிவம் அது. பிறகு கட்டளை அதிகாரி யார் என்று கண்டுபிடியுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: என் நேர் மேலாளர் யார்? என் பகுதியின் எல்லை எது? எந்த ரேடியோ அலைவரிசை? ஏற்கெனவே தண்ணீரில் யார் யார் இருக்கிறார்கள்? அடிபட்டால் எங்கே கொண்டுபோவது? நான்காவது கேள்விக்கு ‘தெரியாது’ என்று பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் வேலை. உங்களுக்கு அந்த ஊர் ஷெரிஃபைவிட, அதாவது கவுன்டியின் காவல் தலைவரைவிட, அனுபவம் அதிகமாகவே இருக்கலாம். இருந்தாலும் அது அவர் ஊர்.

படி 4: ஆள் கணக்கு

இந்த முழு வழிகாட்டியும் இந்தப் படிக்காகத்தான்.

நல்ல படகோட்டியைத்தான் பொதுவாக சார்ஜென்ட் ஆக்குவார்கள். அதனால் அவருக்குக் கை அரிக்கும். கூரைமேல் ஒரு பாட்டி நிற்கிறார் என்று ரேடியோவில் கேட்டதும் தானே படகில் தாவி ஏறிவிடுவார். அந்த நொடியில் மற்ற 4 படகுகளும் அனாதை. யார் எங்கே போனார், எவ்வளவு நேரமாயிற்று, யாரிடம் எரிபொருள் குறைகிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே தலை இப்போது சுற்றிச் சுழலும் தண்ணீரில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் 3 முதல் 7 பேர், சரியாகச் சொன்னால் 5 பேர் என்று ஐ.சி.எஸ். சொல்வது அந்த 5 பேரையும் ஒருவர் கவனத்தில் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான்.

செய்முறை எளியது. வண்டியின் பின்கதவில் ஒரு வெள்ளைப் பலகை. இடமிருந்து வலமாக: படகு, அதில் இருப்பவர்கள், எங்கே, கிளம்பிய நேரம், கடைசியாகப் பேசிய நேரம். ஒவ்வொரு அதிகாரியின் பெயரும் ஒரு அட்டையில். படகில் ஏறும்போது அட்டையை உங்களிடம் தர வேண்டும், இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஈரக் கையால் எழுதியது அழியும் என்பதால் கிரீஸ் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் அழகான செயலிகள் இருக்கின்றன. செல்போன் கோபுரம் விழுந்த பிறகு அவற்றின் அழகு உதவாது.

20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படகையும் நீங்களே கூப்பிட வேண்டும். 

‘படகு 3, இருப்பிடம், ஆள் எண்ணிக்கை.’

‘படகு 3, பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே, எங்கள் ஆள் 2, ஏற்றியவர்கள் 4.’

இவ்வளவு போதும். போலீஸ்காரர்களுக்குப் பழக்கமான எண் குறியீடுகளை விட்டுவிடுங்கள். ஒரு துறையின் எண் இன்னொரு துறையில் வேறு பொருள் தரும் என்பதால் பல துறைகள் சேரும் இடத்தில் சாதாரணப் பேச்சுமொழிதான் விதி. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் என்ன செய்வது, எந்தப் படகு தேடிப் போகும் என்பதைப் படகுகள் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்.

இருப்பிடத்தைச் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி.எஸ். எண்ணை 2, 3 விதமாக எழுதலாம். ஒருவர் ‘37 டிகிரி, 30.5 நிமிடம்’ என்ற பொருளில் ‘37, 30.5’ என்கிறார். கேட்டவர் 37.305 டிகிரி என்று எழுதிக்கொள்கிறார். வித்தியாசம் சுமார் 14 மைல். தரைவழித் தேடலுக்கு, வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரிக்கும் அமெரிக்க தேசிய கட்டம் என்ற முறையையும், ஹெலிகாப்டருடன் பேசும்போது டிகிரி, தசம நிமிடம் என்ற முறையையும் பயன்படுத்துவது வழக்கம். காலை விளக்கக் கூட்டத்திலேயே எது என்று சொல்லி, எல்லாக் கருவியையும் மாற்றச் சொல்லி, ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தின் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். 5 பேரும் ஒரே எண்ணைச் சொன்னால் கிளம்பலாம்.

படி 5: தண்ணீரில்

ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 6 அங்குலம் வேகமான நீர் வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். 12 அங்குலம் சிறிய காரைத் தூக்கும். 2 அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். அவர்களுடைய பெரிய டிரக் அவர்களுக்கு வீண் தைரியம் கொடுக்கிறது.

மீட்பின் வரிசை எல்லாப் பயிற்சியிலும் ஒன்றுதான்: கரையிலிருந்து கம்பை நீட்டு, முடியாவிட்டால் கயிற்றை எறி, பிறகு படகு, கடைசியில்தான் ஆள் இறங்குவது. ஓட்டமுள்ள இடத்தில் ஒரு படகு வேலை செய்யும்போது மேல்நீரில் மிதந்து வரும் மரத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவரும், கீழ்நீரில் எறிகயிற்றுப் பையோடு ஒருவரும் நிற்க வேண்டும். இந்த இரண்டு பேரையும் ‘சும்மா நிற்கிறார்கள்’ என்று வேறு வேலைக்கு இழுப்பதுதான் நான் பார்த்தவரை மிகச் சாதாரணமான தவறு.

மூன்று ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரை மட்டும் போகவிட்டு ஆளைப் பிடித்துவைக்கும் விழுந்த மரக்கிளைகளும் வேலிகளும் ஒன்று. அறுந்து கிடக்கும் மின்கம்பி இரண்டாவது. மின் நிறுவனம் உறுதி செய்யும் வரை எல்லாக் கம்பியிலும் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். மூன்றாவது தாழ்வான தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் நீர் வழுவழுவென்று போவதுபோல் தெரியும். கீழே விழுந்த நீர் பின்னோக்கிச் சுழன்று, படகையும் ஆளையும் அணையை நோக்கியே திரும்பத் திரும்ப இழுக்கும். 2022 மே மாதம் ரிச்மண்ட் அருகே ஜேம்ஸ் ஆற்றில் போஷர் அணையைத் தாண்டி அடித்துச் செல்லப்பட்ட ஒரு குழுவில் 2 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் பகுதியின் தடுப்பணைகள் எல்லாம் படகோட்டியின் வரைபடத்தில் சிவப்பாக இருக்கட்டும்.

செல்லப்பிராணிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். நாயை விட்டு வர மாட்டேன் என்று கத்ரீனாவில் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, வெளியேற்றத் திட்டங்களில் செல்லப்பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. காட்டு விலங்குகள் வேறு கதை. மேட்டில் மாட்டிக்கொண்ட மானைக் காப்பாற்றச் சொல்லி நிறைய அழைப்பு வரும். உங்கள் சட்டையில் வனவிலங்குத் துறை என்று எழுதியிருக்கிறதே! பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்: மானுக்கு நீந்தத் தெரியும், பயந்த மான் படகைக் கவிழ்க்கும்.

படி 6: வர மறுப்பவர்களும் உதவ வருபவர்களும்

வீட்டை விட்டு வர மாட்டேன் என்பவரிடம் மல்லுக்கட்ட நேரமில்லை. பெயர், வீட்டில் எத்தனை பேர், என்ன மருந்து எடுக்கிறார், நெருங்கிய உறவினர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போதே சிலர் மனம் மாறிப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சொந்தப் படகோடு வரும் தன்னார்வலர்கள் கத்ரீனாவிலிருந்தே ‘கேஜன் நேவி’ என்று பெயர் பெற்றவர்கள். அவர்களைத் துரத்தவும் கூடாது, அவிழ்த்துவிடவும் கூடாது. பெயரைப் பதிந்து, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து, ஓட்டம் இல்லாத தேங்கிய நீர்ப் பகுதியில் உங்கள் படகு ஒன்றோடு இணைத்து அனுப்புங்கள். அவர்களுக்கும் பலகையில் வரிசை உண்டு, அட்டை உண்டு.

படி 7: காணாமல் போனவர்கள் பட்டியல்

2022 ஜூலையில் வர்ஜீனியாவின் பியூகானன் கவுன்டியில் வெள்ளம் வந்தபோது 44 பேரைப் பற்றித் தகவல் இல்லை என்று முதலில் செய்தி வந்தது. 2 நாளில் எல்லாரும் இருக்குமிடம் தெரிந்தது, ஒருவரும் இறக்கவில்லை. போனும் சாலையும் போன மலைக்கிராமத்தில் ‘தகவல் இல்லை’ என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான் பொருள். ஆனால் அதைக் கதவைத் தட்டித்தான் உறுதி செய்ய முடியும்.

இங்கே உங்கள் அதிகாரிகளுக்கு நிகர் யாருமில்லை. இடிந்த சாலைக்குப் பதிலாக மலைமேல் இருக்கும் வேட்டைப் பாதை அவர்களுக்குத் தெரியும். பட்டியலை ஒரே ஒருவர் கையில் வையுங்கள். அழைப்பு மையத்தில் ஒன்று, ஷெரிஃபிடம் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று என்று மூன்று பட்டியல் ஓடினால் ஒரே ஆளை மூன்று தடவை தேடுவீர்கள். தேடி முடித்த வீட்டில் எந்த அடையாளமிடுவது என்பதையும் எல்லாத் துறையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மோப்ப நாய் இருந்தால் மற்றவர்கள் காலடி படும் முன்பே அதைக் கொண்டுவாருங்கள்.

படி 8: பக்கத்து மாநிலம் கூப்பிட்டால்

மாநிலங்களுக்கிடையே அவசர உதவி ஒப்பந்தம் ஒன்று 1996-ல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றது. 50 மாநிலங்களும் அதில் உண்டு. போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரி: போகிற மாநிலம் தனியாக அனுமதி கொடுத்தால் தவிர, அங்கே உங்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. சீருடையில் இருக்கிறீர்கள், இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, கண் முன்னே ஒருவன் கடையை உடைக்கிறான். அந்த நேரத்தில் உங்கள் அதிகாரி என்ன செய்யலாம்? எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதிகாரி அங்கே காயப்பட்டால் இழப்பீடு அனுப்பிய மாநிலத்தின் பொறுப்பு. செலவைக் கேட்டுப் பெறும் உரிமையும் உங்கள் மாநிலத்துக்கு உண்டு.

படி 9: இரண்டாவது நாள், மூன்றாவது நாள்

முதல் நாள் எல்லாரும் வீரர்கள். விபத்துகள் வருவது பிறகுதான். 12 மணி நேர ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். ‘இன்னும் ஒரே ஒரு தெரு’ என்பவரை இறக்கி அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வெள்ள நீரில் சாக்கடை, டீசல், பூச்சிமருந்து எல்லாம் கலந்திருக்கும். சாப்பிடும் முன் ஆளையும் உடையையும் கழுவ ஓர் இடம் வேண்டும். சிறு கீறலையும் எழுதிவைத்து, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள்.

இந்த நாட்களில் உடல்கள் கிடைக்கும். முதல் முறை பார்க்கும் இளம் அதிகாரியிடம் அன்று இரவே பேசுங்கள். வேறு துறையிலிருந்து ஆலோசகர் வருவது நல்லதுதான், ஆனால் அதற்கு முன் தன் சார்ஜென்ட் ஒரு காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரா என்பதுதான் அவருக்கு நினைவிருக்கும்.

ஷிப்ட் மாறும்போது அடுத்த சார்ஜென்ட்டிடம் பலகையை வாயால் வாசித்து ஒப்படையுங்கள். தண்ணீரில் ஒருவர் இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி, அவரோடு ரேடியோவில் புதியவர் பேசிய பிறகே நீங்கள் கிளம்பலாம்.

படி 10: காகிதமும் படகும்

214 என்பது அன்றாட நடவடிக்கைப் பதிவுப் படிவம். ஒவ்வொரு அதிகாரியும் தன் கையால் எழுத வேண்டும்: வேலை நேரம், படகு எஞ்சின் ஓடிய நேரம், எரிபொருள், உடைந்தவை. அமெரிக்க அதிபர் பேரிடர் என்று அறிவித்துவிட்டால் தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதம் கூட்டாட்சி அரசிடமிருந்து வரும். ஆனால் ‘எல்லாரும் நிறைய உழைத்தோம்’ என்பதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். எந்த அதிகாரி, எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கோரிக்கை எண்ணின் கீழ் என்று இருக்க வேண்டும். அன்றன்றே எழுதாவிட்டால் ஒரு வாரம் கழித்து எழுதுவது கற்பனையாகத்தான் இருக்கும்.

என்ன தவறாகப் போனது என்று பேசும் கூட்டத்தை 2 வாரத்துக்குள் வையுங்கள். முதலில் உங்கள் தவறைச் சொல்லுங்கள். மற்றவர்கள் வாய் திறக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

பலகையைத் துடைக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எல்லாருடைய நினைவும் வேறு வேறாக இருக்கும்போது அதுதான் பேசும். படகுகளை அப்படியே கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிடாதீர்கள். எஞ்சினின் அடிப்பகுதி கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீல் மாற்றாமல் அடுத்த மழைக்கு அந்தப் படகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.